பள்ளி விடும் நேரத்தில் வரும் மழை

பிற்பகல் இரண்டே கால் மணி. திருவண்ணாமலையில் நல்ல வெயில். மேற்கே, செங்கம் சாலைப் பக்கத்து வானம் மட்டும் கருநீலமாகத் திரண்டு நிற்கிறது. அந்த வேளையில் கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது: 'மழை எச்சரிக்கை காரணமாக இன்று 2.45 மணிக்குப் பள்ளி விடப்படும். பெற்றோர் வந்து பிள்ளைகளை அழைத்துச் செல்லவும்.'

வாசகர்களே, உங்களில் பெற்றோராக இருப்பவர்கள் இத்தகைய செய்தியைக் கண்டு பதறியிருப்பீர்கள். மாணவர்களாக இருப்பவர்கள் அந்த மணியோசையைக் கேட்டுத் துள்ளியிருப்பீர்கள். எனக்கு இச்செய்தி வந்தபோது நான் கல்லூரி ஆய்வகத்தில் ஊசலின் அலைவு நேரம் காணும் சோதனையை நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பை உடன் பணிபுரியும் நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் வெள்ளம். பள்ளியைச் சென்றடைந்தபோது மணி மூன்று இருபது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அங்கே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். ஆட்டோ வீட்டுக்கும் வந்து சேரவில்லை. ஒரு மணி நேரம் தேடிய பிறகு, இன்ஜினில் தண்ணீர் புகுந்து நின்றுபோன ஆட்டோவையும், பக்கத்து மளிகைக் கடைத் திண்ணையில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்த நான்கு பிள்ளைகளையும் கண்டேன். கடைக்கார அம்மா ஆளுக்கொரு முறுக்கு கொடுத்து உட்கார வைத்திருந்தார். மழையோ 3.40-க்கே நின்றுவிட்டிருந்தது!

இதில் யாரையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆயினும் ஓர் எண்ணம் என்னை விடவில்லை. பிள்ளைகள் வகுப்பறையிலேயே இருந்திருந்தால் ஒருவர்கூட நனைந்திருக்கமாட்டார்களே! மழைக்கு அஞ்சிப் பள்ளியை முன்கூட்டி விடுவது எப்போது சரி, எப்போது தவறு? இதற்கு இயற்பியல் ஓரளவு விடை சொல்கிறது. அதைப் பார்ப்போம்.

ஒரு மணி நேரம் வாழும் மேகம்

நம் ஊருக்கு மழை இரண்டு விதமாக வருகிறது. ஒன்று இடிமழை. கோடையிலும், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலும் மாலை வேளைகளில் பெய்வது இதுதான். மற்றொன்று அடைமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்களும் புயல்களும் இதைக் கொண்டுவருகின்றன. இரண்டும் நம்மை நனைக்கின்றன என்பதைத் தவிர இவற்றுக்குள் ஒற்றுமை குறைவு.

இடிமழையை முதலில் எடுத்துக்கொள்வோம். வெயில் நிலத்தைச் சுடவைக்கிறது. நிலம் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றைச் சுடவைக்கிறது. சூடான காற்று விரிந்து, அடர்த்தி குறைந்து, மேலே எழுகிறது. மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைவதால் அது இன்னும் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை குறையும். ஓர் உயரத்தில் காற்றிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறத் தொடங்குகிறது. அப்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது. ஒரு கிராம் நீராவி நீராகும்போது வெளிவரும் வெப்பம் ஏறத்தாழ 2,500 ஜூல். இந்த வெப்பம் காற்றை மேலும் மேலும் தூக்கிவிடுகிறது. அதனால்தான் இடிமேகம் 12 கி.மீ.க்கு மேலும் கோபுரமாக வளர்ந்துவிடுகிறது. நம் அண்ணாமலையின் உயரம் ஏறத்தாழ 800 மீட்டர். அத்தகைய மலைகள் பதினைந்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவோ, அவ்வளவு உயரம்!

சூரியன் உச்சிக்கு வருவது நண்பகலில். ஆனால் காற்று மிகச் சூடாக இருப்பது பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு. அதன்பின் மேகம் வளர்ந்து முற்ற வேண்டும். ஆகவே இடிமழை பெரும்பாலும் மூன்று மணிக்கு மேல் இரவு தொடங்குவதற்குள் கொட்டத் தொடங்குகிறது. பள்ளிக்கூட மணி அடிப்பதும் இந்த இடைவெளியில்தான். ஆக, இது தற்செயலாக நேரும் தொல்லை அன்று. இடிமேகமும் பள்ளிக்கூடமும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து நடக்கின்றன.

இடிமேகத்தின் ஆயுள் எவ்வளவு? அமெரிக்காவில் 1946, 1947-ஆம் ஆண்டுகளில் ஹோரஸ் பையர்ஸ், ராஸ்கோ பிரஹாம் என்ற அறிவியலார் இதை ஆராய்ந்தார்கள். புளோரிடாவிலும் ஒகையோவிலும் விமானங்களை இடிமேகங்களுக்குள்ளேயே செலுத்தி அளவெடுத்தார்கள். அவர்கள் கண்டது என்ன தெரியுமா? ஒவ்வோர் இடிமேகமும் வளர்ந்து, முற்றி, தேய்ந்து மறைகிறது. தனி மேகம் ஒன்றின் வாழ்நாள் ஏறத்தாழ அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரைதான். அதன் முடிவுக்கு அதுவே காரணம். விழும் மழைத்துளிகள் தம்மோடு காற்றையும் கீழே இழுத்துவருகின்றன. துளிகளில் ஒரு பகுதி ஆவியாவதால் அந்தக் காற்று குளிர்கிறது. கனமான அந்தக் குளிர்காற்று தரையில் பரவி, மேகத்துக்குக் கீழிருந்து கிடைத்துவந்த சூடான காற்றை அடைத்துவிடுகிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்துவிடுவதைப் போன்றது இது.

பரவும் குளிர்காற்று பக்கத்தில் புதிய மேகத்தைக் கிளப்பிவிடுவதும் உண்டு. அப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் மழை இரண்டு, மூன்று மணி நேரம் நீடிக்கும். எனினும் இடிமழை என்பது காத்திருந்தால் ஓய்ந்துவிடும் மழை. இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

மழைக்குச் சற்று முன்பு சில்லென்று ஒரு காற்று புழுதியை வாரிக்கொண்டு வீசுமே, அது மேகத்திலிருந்து இறங்கிப் பரவிவரும் இந்தக் குளிர்காற்றேதான். அது உங்கள் முகத்தில் பட்டபின் வண்டியை எடுத்தால் மழையை நடுத்தெருவில்தான் சந்திப்பீர்கள். நான் சந்தித்தேன்.

எச்சரிக்கை சரி, நம் தெரு காய்ந்திருக்கிறதே?

'அடுத்த மூன்று மணி நேரத்தில் இன்னின்ன மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை' என்று வானிலை ஆய்வு மையம் அறிவிப்பதைக் கேட்டிருப்பீர்கள். திருவண்ணாமலை மாவட்டத்தின் பெயரும் அதில் வரும். பல நாள்களில் நம் தெருவில் ஒரு சொட்டும் விழாது. உடனே, 'இவர்கள் சொல்வது என்றைக்குப் பலித்தது?' என்று கேலி பேசுகிறோம். இது நியாயமன்று. நம் மாவட்டத்தின் பரப்பு ஆறாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஓர் இடிமேகத்தின் குறுக்களவு 10 கி.மீ. என்று கொண்டால், அது நனைக்கும் பரப்பு 80 சதுர கிலோமீட்டருக்குள்தான். மாவட்டத்தில் எழுபத்தைந்தில் ஒரு பங்கு! எச்சரிக்கை முற்றிலும் பலித்த நாளிலும் மற்ற எழுபத்து நான்கு பங்கு காய்ந்தே இருக்கலாம்.

சரி, ரேடார் எதற்கு இருக்கிறது? சென்னைத் துறைமுகத்தில் உள்ள டாப்ளர் ரேடார் 10 செ.மீ. அலைநீளமுள்ள அலைகளை அனுப்பி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. அங்கிருந்து திருவண்ணாமலை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 160 கி.மீ. தொலைவு. ரேடார்க் கதிர் கிடைமட்டத்திலிருந்து அரை டிகிரி உயர்த்தி அனுப்பப்படுவதாகக் கொள்வோம். பூமி உருண்டையாக இருப்பதால் தரை அதன் கீழே வளைந்து தாழ்ந்துகொண்டே போகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், நம் ஊருக்கு மேலே வரும்போது அக்கதிர் தரையிலிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. உயரத்தில் இருக்கிறது! ஆகவே மேகத்தின் வயிற்றை அது பார்க்கிறது; பள்ளி வாசலில் விழும் மழையை அன்று.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாற்பது கி.மீ. மேற்கே ஒரு மேகம் இருக்கிறது, அது மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்பது நிமிடத்தில் வந்து சேர வேண்டும். ஆனால் அதன் ஆயுளே அறுபது நிமிடந்தானே? வருவது அந்த மேகமாக இராது. அதன் பிள்ளையாகவோ பேரனாகவோ இருக்கலாம். ஒன்றுமே வராமலும் போகலாம். இரண்டு மணிக்கு ஒரு தலைமை ஆசிரியர் முடிவெடுக்க வேண்டியிருப்பது இத்தனை ஐயங்களுக்கு நடுவில்தான்.

ஐயம் இருக்கும்போது 'எதற்கும் இருக்கட்டும், அனுப்பிவிடுவோம்' என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அனுப்புவதற்கும் ஒரு விலை உண்டு. அதை எடை போடாமல் விடுகிறோம்.

தெருவில் ஓடும் நீரின் வலிமை

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்தால், ஒரு சதுர கிலோமீட்டரில் விழும் நீர் ஐந்து கோடி லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் நிரப்பினால் நாலாயிரம் லாரிகளுக்கு மேல் ஆகும். வயல்வெளியாக இருந்தால் மண் இதில் ஒரு பங்கைக் குடித்துக்கொள்ளும். மலைச்சரிவிலோ பாறை, ஊருக்குள் சிமெண்ட்டும் தாரும். குடிப்பதற்கு அங்கு மண் ஏது?

மலைச்சரிவில் விழுந்த நீர் ஓடைகளிலும் கால்வாய்களிலும் இறங்கித் தெருவுக்கு வர நேரம் பிடிக்கிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஒன்றரை கிலோமீட்டர் வருவதற்கு 25 நிமிடம். ஆகவே மழை விட்ட பிறகும் சிறிது நேரம் தெருவில் நீர் ஏறிக்கொண்டே இருக்கும். 'மழை நின்றுவிட்டது, கிளம்பு' என்று நாம் சொல்லும் நேரமே சில தெருக்களில் மிக மோசமான நேரமாக இருக்கக்கூடும்.

ஓடும் நீர் காலைத் தள்ளும் விசை எவ்வளவு? அது நீரின் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. 25 கிலோகிராம் எடையுள்ள ஒரு சிறுமி, 30 செ.மீ. ஆழமுள்ள நீரோட்டத்தில் நிற்பதாகக் கொள்வோம். காலின் அகலம் 8 செ.மீ.; இரு கால்கள். நீர் நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில், அதாவது விரைந்து நடப்பவரின் வேகத்தில் ஓடினால், அவள் கால்களின்மீது விழும் விசை ஏறத்தாழ ஐந்தரை கிலோகிராம் எடைக்குச் சமம். அவளை நிறுத்தி வைப்பது தரையின் உராய்வு. நீரில் மூழ்கிய கால்களை நீர் மேல்நோக்கித் தாங்குவதால் தரையை அழுத்தும் எடை 22 கிலோகிராமாகக் குறைகிறது. சேறு படிந்த வழுக்கல் தரையில் உராய்வுக் குணகம் 0.3 என்று கொண்டால், உராய்வு தாங்கக்கூடியது ஆறரை கிலோகிராம்தான். அதாவது அவள் மயிரிழையில் நிற்கிறாள். நீரின் வேகம் நொடிக்கு 2 மீட்டர் ஆகட்டும். தள்ளும் விசை ஏறத்தாழ பத்து கிலோகிராம் எடை ஆகிவிடும். அவள் விழுந்துவிடுவாள்.

அதே இடத்தில் 65 கிலோகிராம் எடையுள்ள அவளுடைய தந்தை நின்றால்? கால் பருமனாக இருப்பதால் அவரைத் தள்ளும் விசை அதிகம். ஏறத்தாழ பதினைந்து கிலோகிராம். ஆனால் அவருக்குக் கிடைக்கும் உராய்வோ பதினேழரை. அவர் நின்றுவிடுவார். 'எனக்கு முழங்கால்கூட நனையவில்லையே, இதில் என்ன பயம்?' என்று மகளைப் பார்த்து அவர் கேட்கும்போது, தாம் அறியாமலேயே தவறான கணக்கைச் சொல்கிறார். மாணவ நண்பர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே வேறு எடைகளுக்கும் வேகங்களுக்கும் செய்து பார்க்கலாம். மூடியில்லாத சாக்கடையும், அறுந்து விழுந்த மின்கம்பியும் இந்தக் கணக்கில் சேரவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

பனி பெய்யும் நாடுகளில்

பள்ளியை முன்கூட்டி விடுவதா, பிள்ளைகளை வைத்துக்கொள்வதா என்ற கேள்வி பனி பொழியும் நாடுகளில் மிகப் பழையது. நமக்குப் பனிமழை இல்லாவிட்டாலும் அவர்களுடைய அனுபவம் நமக்கும் பயன்படும்.

1888-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளில், நெப்ராஸ்கா, டகோட்டா முதலிய இடங்களில், காலை வழக்கத்துக்கு மாறாக இதமாக விடிந்தது. பல நாள் கடுங்குளிருக்குப்பின் வந்த இதம். பிள்ளைகள் மெல்லிய உடைகளோடு பள்ளிக்குச் சென்றார்கள். பிற்பகலில், பல ஊர்களில் சரியாகப் பள்ளி விடும் வேளையில், குளிர்காற்று வடமேற்கிலிருந்து சுவர்போல வந்து மோதியது. கைநீட்டினால் கை தெரியாத பனித்தூள். வீட்டுக்குப் புறப்பட்ட பிள்ளைகள் வழிதெரியாமல் வயல்வெளிகளில் உறைந்துபோனார்கள். மாண்டவர்கள் 235 பேர் என மதிப்பிடப்படுகிறது. வரலாற்றில் இதற்குப் 'பள்ளிக்கூடப் பனிப்புயல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நெப்ராஸ்காவில் மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியை தம் மாணவர்களைப் பள்ளிக்குள்ளேயே வைத்திருந்தார். காற்று கூரையைப் பிய்த்தெறிந்த பிறகே அவர்களை ஒன்றாகத் திரட்டிப் பக்கத்துப் பண்ணை வீட்டுக்கு நடத்திச் சென்றார். பிள்ளைகள் அனைவரும் பிழைத்தனர்.

மற்றொரு நிகழ்ச்சி அண்மைக்காலத்தது. 2014 ஜனவரி 28-ஆம் நாள், அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அட்லாண்டா நகரில் ஆறு செ.மீ. அளவில் பனி பெய்தது. வடக்கே உள்ளவர்கள் இதைப் பனி என்றே கணக்கில் சேர்க்கமாட்டார்கள். பனி தொடங்கியதும், நண்பகலை ஒட்டிப் பள்ளிகள், அலுவலகங்கள், கடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆட்களை வெளியே விட்டன. எல்லாரும் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்தார்கள். சக்கரத்தின் கீழ் உருகிய பனி மறுபடி உறைந்து கண்ணாடியாயிற்று. ஊர்திகள் அசையவில்லை, உப்பும் மணலும் தூவ வந்த லாரிகளும் அந்த நெரிசலிலேயே சிக்கிக்கொண்டன. ஆயிரக்கணக்கான மாணவர்கள் அன்றிரவைப் பள்ளிகளில் கழித்தனர். சிலர் பேருந்துகளிலேயே கழித்தனர். பள்ளியில் தங்கியவர்களுக்கு விளக்கும் சூடும் உணவும் இருந்தன. பேருந்தில் இருந்தவர்கள்பாடுதான் திண்டாட்டம்.

இந்தச் சாலைக் கணக்கு நம் பள்ளி வாசலுக்கும் பொருந்தும். குறுகிய தெரு ஒன்றில் மூன்று நொடிக்கு ஒரு வண்டி வெளியேற முடியும் என்று கொள்வோம். நானூறு பெற்றோர் வண்டியோடு வந்தால் தெரு காலியாக இருபது நிமிடம் ஆகும். மழையில் ஐந்து நொடிக்கு ஒரு வண்டி என்றால் முப்பத்து மூன்று நிமிடம். வழக்கமான நாளில் சிலர் முன்னும் சிலர் பின்னும் வருவார்கள். அவசரச் செய்தி வந்த நாளிலோ எல்லாரும் ஒரே நொடியில் வந்து நிற்கிறார்கள். முன்கூட்டி விட்டே ஆகவேண்டும் என்றால், வகுப்பு வகுப்பாக, இருபது நிமிட இடைவெளியில் விட வேண்டும். இதற்குச் செலவு எதுவுமில்லை.

நாள்கணக்கில் பெய்யும் மழை

இதுவரை சொன்னது இடிமழைக்கு. அடைமழையின் கதை வேறு. அது காத்திருந்தால் ஓய்வதில்லை. ஆனால் அதற்கொரு நல்ல குணம் உண்டு: முன்னறிவிப்பின்றி வருவதில்லை. புயலைச் செயற்கைக்கோள் பல நாள்களுக்கு முன்பே பார்த்துவிடுகிறது. எனவே அடைமழைக்கு ஏற்ற முடிவு முதல்நாள் மாலையே அறிவிக்கப்படும் விடுமுறைதான். பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகு பாதி நாளில் திருப்பியனுப்புவது இரண்டாந்தரம்.

2024-ஆம் ஆண்டு வந்த ஃபெஞ்சல் புயலை நாம் மறந்திருக்கமாட்டோம். நவம்பர் 30, சனிக்கிழமை இரவு அது புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. டிசம்பர் 1 காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை பதிவாகியது. மறுநாள் காலைக் கணக்கில் நமக்கு மேற்கே ஊத்தங்கரையில் 50 செ.மீ. கிழக்கிலிருந்து மேற்கே போன அந்த மழையின் பாதையில் திருவண்ணாமலை இருந்தது. டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை அண்ணாமலையின் அடிவாரத்தில், வ.உ.சி. நகரில், மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தனர். அவர்களில் ஐவர் குழந்தைகள்.

நிலம் ஏன் சரிகிறது? சரிவில் பாறையின்மேல் படிந்திருக்கும் மண்ணையும் உருண்டைக் கற்களையும் பிடித்து வைத்திருப்பது உராய்வு. மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால்தான் உராய்வு உண்டாகிறது. நாள்கணக்கில் மழை பெய்து துகள்களுக்கு இடையிலுள்ள துளைகள் நீரால் நிரம்பினால், அந்நீரின் அழுத்தம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகிறது. மண்ணின் எடை கூடுகிறது, பிடிப்போ குறைகிறது. மழை சற்றுக் குறைந்த வேளையிலும் சரிவு நேரலாம். ஆகவே தெருவில் ஓடும் நீர் கடைசி ஒரு மணி நேர மழையைக் காட்டுகிறது என்றால், மலைச்சரிவு கடைசி இரண்டு, மூன்று நாள் மழையை நினைவில் வைத்திருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பர் 13-இல் வந்த கார்த்திகைத் தீபத்தன்று, சரிவு நேர்ந்து பத்து நாளுக்கு மேலான பிறகும், பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படாததன் காரணம் இதனால் விளங்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பள்ளி இல்லை. மறுநாள் திங்கட்கிழமை விடுமுறை விடப்பட்டது. இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 'பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டால் போதும்' என்று நாம் எல்லாரும் நினைக்கிறோம். மலையடிவாரத்திலும் ஏரிக்கரைத் தாழ்விலும் ஓடைக்கரையிலும் குடியிருக்கும் பிள்ளைக்கு, அடைமழை நாளில், உறுதியான பள்ளிக் கட்டடம் தன் வீட்டைவிடப் பாதுகாப்பான இடமாக இருக்கலாம். வெள்ளக் காலத்தில் அரசு நிவாரண முகாம்களை நடத்துவதும் பெரும்பாலும் பள்ளிக்கூடங்களில்தானே!

சாவி யாரிடம்?

வீட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? களையெடுக்கப் போன தாயும் கட்டட வேலைக்குப் போன தந்தையும் அந்நேரம் கைப்பேசியைப் பார்ப்பார்களா? கதவில் பூட்டுத் தொங்கும். பிள்ளை வாசற்படியில் நனைந்துகொண்டு நிற்கும். காலை ஏழு மணிக்குத் திடீர் விடுமுறை என்றால், 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் படிப்படியாக வந்த காலை உணவும் அன்று இல்லை, மதிய உணவும் இல்லை. வசதியுள்ள வீட்டுக்கு விடுமுறை வெறும் விடுமுறை. மற்றவர்களுக்கு அது ஒரு நாள் கூலியும் இரண்டு வேளைச் சாப்பாடும். அறிவிப்பு முதல்நாள் மாலையே வருவதன் அருமை இத்தகைய வீடுகளுக்குத்தான் தெரியும்.

எனவே மழைக்காலம் தொடங்கும் முன்பே, ஜூன் மாதத்திலேயே, பெற்றோர் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு ஒன்று உண்டு. 'என் பிள்ளையை என்னிடமோ, இன்னாரிடமோ தவிர வேறு யாரோடும் அனுப்ப வேண்டாம். நான் வர நேரமானால் பள்ளியிலேயே வைத்திருங்கள்' என்று வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆசிரியர் ஒருவரும் ஒரு வாளி குடிநீரும் கொஞ்சம் பொரிகடலையும் இருந்தால் நாற்பது பிள்ளைகள் ஒரு மணி நேரம் மகிழ்ச்சியாக இருப்பார்கள். நான் அன்று எழுதிக் கொடுத்திருக்கவில்லை. இப்போது கொடுத்திருக்கிறேன்.

செய்தி வந்ததும் புறப்படுவதா என்பதற்கும் ஒரு சிறு கணக்கு உண்டு. நீங்கள் போய்ச் சேரும் நேரத்தையும் திரும்பிவரும் நேரத்தையும் கூட்டுங்கள். மழை நாள் நெரிசலுக்காக அதை இரட்டியுங்கள். வானம் அவ்வளவு அவகாசம் தருமா என்று பாருங்கள். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்கும்போது நிறுத்துங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ மூன்று நொடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, அப்போது வெட்டவெளியில் வண்டி ஓட்டுவது கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை பள்ளியிலோ அலுவலகத்திலோ இருப்பதே முறை. அந்த அரை மணி நேரத்தில் சில தெருக்களில் மேலிருந்து வரும் வெள்ளமும் ஓரளவு வடிந்துவிடக்கூடும். ஒரே காத்திருப்பில் இரண்டு ஆதாயம்.

எத்தனை முயன்றும் பிள்ளை நனைந்து வந்துவிட்டால், தலையைத் துவட்டுவதோடு நில்லாமல் உடையை உடனே மாற்றுங்கள். உடையில் தங்கிய 200 கிராம் நீர் ஆவியாக வேண்டுமானால் நாலு லட்சத்து எண்பதாயிரம் ஜூல் வெப்பம் வேண்டும். அவ்வளவும் 25 கிலோகிராம் எடையுள்ள உடலிலிருந்தே எடுக்கப்பட்டால் வெப்பநிலை ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். ஒரு பங்கைச் சுற்றியுள்ள காற்று கொடுக்கிறது. உடலும் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அதனால் அந்த அளவுக்குப் போவதில்லை. பல் கிட்டித்து நடுங்குவது அந்த வெப்பத்தை உண்டாக்கும் முயற்சியேயாகும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பக்கங்கள் நேராக உள்ள ஒரு டப்பாவை மொட்டை மாடியில் வைத்து, ஒவ்வொரு மழையிலும் தேங்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். மழை தொடங்கிய நேரம், நின்ற நேரம் இரண்டையும் குறியுங்கள். மாடியில் நின்றபடியே தெருமுனையைப் பார்த்து, அங்கே நீர் மிக உயர்ந்து நிற்கும் நேரத்தையும் குறியுங்கள். இடி இடிக்கும்போது மாடிக்குப் போகாமல் சன்னல் வழியே பாருங்கள். மழை நின்ற நேரத்துக்கும் நீர் உச்சத்தைத் தொட்ட நேரத்துக்கும் உள்ள இடைவெளியே உங்கள் தெருவின் தாமதம். ஒவ்வொரு தெருவுக்கும் அது வேறுபடும். ஒரு வகுப்பு மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்தால், பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் எது முதலில் வடிகிறது, எது கடைசியில் வடிகிறது என்று ஒரு படமே வரைந்து தலைமை ஆசிரியர் அறையில் மாட்டிவிடலாம். எங்கள் தெருமுனையில் என் மகளும் நானும் மூன்று மழைகளுக்குக் குறித்தோம்: 25 நிமிடம், 40 நிமிடம், 30 நிமிடம்.